பதினொரு தறிக்குடோனுக்கு ஒரே மாடியில் சோலார்: பங்கு போட்டுச் செய்ய முடியுமா?

சோமனூர்_தறி:

வணக்கமுங்க. சோமனூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்கு நெசவு செய்கிறேன். எட்டு சாதா விசைத்தறி. எங்கள் வீதியில் என்னைப் போல இன்னும் பத்துக் குடும்பம், ஆளுக்கு ஆறோ எட்டோ தறி வைத்திருக்கிறார்கள். வியாபாரி நீளவாக்குப் பாவும் குறுக்குவாக்கு ஊடை நூலும் கொடுப்பார், ஓட்டித் துணியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கரண்ட் பில், மெக்கானிக், சாமான், ஆள் சம்பளம் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும்.

விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 2023ல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட் ஆக்கினார்கள். பெரிய உதவி அது. ஆனாலும் எனக்கு இரண்டு மாதத்தில் 2,200, 2,400 யூனிட் ஓடிவிடுகிறது. இலவசம் போக மீதிக்குக் கட்டுகிற பணம்தான் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் மாதத்தில் கழுத்தைப் பிடிக்கிறது.

எங்கள் தறிக்குடோன் எல்லாம் சிமெண்ட் ஷீட் கூரை, இருபது இருபத்தைந்து வருஷப் பழசு. அதன் மேல் பேனல் ஏற்ற முடியாது என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வீதி முக்கில் எங்கள் ஊர்ப் பொதுக் கல்யாண மண்டபம் இருக்கிறது. கான்கிரீட் மாடி, 5,000 சதுர அடி, பக்கத்தில் ஒரு மரம் கூட இல்லை. அதில் 40 கிலோவாட் போட்டு, பதினொரு பேரும் பங்கு பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் என்று விலை சொன்னார்கள். மொத்தம் 20 லட்சம், ஆளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். சீட்டுப் போட்டுச் சேர்த்துவிடலாம்.

பங்கு எங்களுக்குப் புதிதில்லை. என் தாத்தா காலத்தில் நாலு பங்காளிகளுக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டார். யாருக்கு என்றைக்கு முறை, நடுவில் கரண்ட் போனால் அந்த நேரத்தை யார் முறையில் கழிப்பது, மோட்டாருக்குக் காயில் கட்டினால் யார் எவ்வளவு கொடுப்பது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கிறது. கிணற்றுக்கு முடிந்தது வெயிலுக்கு முடியாதா என்று தோன்றுகிறது.

செய்தவர்கள், செய்யப் போய்த் திரும்பியவர்கள் யார் இருந்தாலும் சொல்லுங்க. எங்கே முட்டும் என்று தெரிந்துகொண்டு இறங்க ஆசை.

பெருந்துறை_பேனல்:

அண்ணா, ஆறு வருஷமாக சோலார் மாட்டுகிற வேலை செய்கிறேன். மாடி விஷயத்தை மட்டும் சொல்கிறேன், கணக்கு விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

இடம் போதும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 40 கிலோவாட்டுக்கு 4,000. நம் பக்கம் ஒரு கிலோவாட் வருஷச் சராசரியில் ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். பங்குனி, சித்திரையில் கூடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் வந்துவிட்டால் குறையும். அந்த ஆடிக்காற்று உங்களுக்கு நேராக அடிக்கிற இடம் என்பதால் பேனலைத் தாங்கும் ஸ்டிரக்சரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். மாடித் தளத்தில் வெறும் ஆங்கர் போல்ட் மட்டும் அடித்துவிட்டுப் போகிறவரைச் சேர்க்காதீர்கள். கான்கிரீட் கட்டை வைத்து, தளம் ஒழுகாதபடி செய்யச் சொல்லுங்கள். பொது மண்டபத்து மாடி ஒழுகினால் ஊரே உங்களைக் கேட்கும்.

உங்கள் ஊருக்கே உரியது இன்னொன்று, பஞ்சுத் தூசி. தறியும் மில்லும் இருக்கும் இடத்தில் அது பனியோடு சேர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், காற்றில் போகாது. பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும். மயில் வந்து உட்காருகிற ஊர் என்றால் இன்னும் அடிக்கடி. விடிகாலையில் கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது.

அப்புறம் ட்ரான்ஸ்பார்மர். உங்கள் வீதிக்கு வரும் ட்ரான்ஸ்பார்மர் எத்தனை கேவிஏ திறன் உள்ளது, அதில் ஏற்கெனவே யாராவது சோலார் சேர்த்திருக்கிறார்களா என்று மின்வாரிய செக்‌ஷன் ஆபீசில் முதலில் கேளுங்கள். பேனலுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்கிறவர்கள்தான் அதிகம்.

வடவள்ளி_டீச்சர்:

தம்பி, உங்கள் நோட்டுக் கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளியில் 32 வீடு உள்ள அடுக்குமாடியில் இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு மூன்று வருஷம் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு யூனிட் 8 ரூபாய் ஆனது. பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு 2023 நவம்பரில் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்களுக்கு அது பொருந்தாது. இரண்டு லிப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு, நடைவழி விளக்கு எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 4,000 யூனிட், 32,000 ரூபாய். மாதப் பராமரிப்புப் பணத்தைக் கூட்டச் சொன்னால் கூட்டத்தில் கத்தல்.

2024ல் 15 கிலோவாட் போட்டோம். அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தில் குடியிருப்போர் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். பேனல், அதற்குள் இருக்கும் செல் இரண்டும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. செலவு 9 லட்சத்து 30 ஆயிரம், மானியம் போக 6 லட்சத்து 60 ஆயிரம். இப்போது நல்ல மாதங்களில் பில் 7,000, 8,000தான் வருகிறது. ஆடியில் 15,000 வரை போகும். நாலரை, ஐந்து வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும், பேனல் இருபத்தைந்து வருஷம் உழைக்கும். இது நல்ல காரியம், செய்யுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் பேனலை ஏற்ற ஆறு நாள்தான் ஆனது. அதற்கு முன்னால் பேசியது பதினோரு மாதம்.

மேல் தள வீட்டுக்காரர் இருவர், மொட்டை மாடி தங்களுக்கே உரியது என்றார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம், பிரிக்கப்படாத பங்கில் எல்லாருக்கும் உரியது என்று இருந்தது. பெண்கள் துணி காயப்போட இடம் போய்விடும், வடகம் எங்கே காயவைப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஸ்டிரக்சரை எட்டடி உயர்த்தினோம், செலவு கூடியது, இன்று அந்த நிழலில்தான் சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிறோம். பெரிய வீடும் சின்ன வீடும் ஒரே பணம் கொடுப்பதா, சதுர அடிக்குக் கொடுப்பதா என்பதில் மட்டும் மூன்று மாதம் போனது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் ஐந்து பேர், வாடகைக்கு இருப்பவருக்குத்தானே லாபம், நான் ஏன் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் சதுர அடிக் கணக்கில் வசூலித்து, வீட்டை விற்றால் பங்கும் வீட்டோடு போகும் என்று தீர்மானம் எழுதினோம். முதல் நாளே அந்த வரியை எழுதியிருந்தால் பாதிச் சண்டை இருந்திருக்காது.

போட்ட பிறகு ஒரு வேதனை. ஒரு வரிசைப் பேனலில் இணைப்பு கருகி, 15 கிலோவாட்டில் 5 கிலோவாட் இரண்டு மாதம் வேலையே செய்யவில்லை. போன் ஆப்பில் தினமும் யூனிட் தெரியும். 32 வீட்டில் எல்லார் போனிலும் ஆப் இருந்தது. வேறு யாராவது பார்ப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தோம், பில் வந்த பிறகுதான் தெரிந்தது. நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. அது பொதுப் பணம் அல்லவா. அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு யூனிட்டைக் கீழே கரும்பலகையில் எழுத வேண்டும். கழுவுவதற்குப் போர்த் தண்ணீரை விட்டோம், உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. இப்போது சிறுவாணித் தண்ணீர் இரண்டு குடம் எடுத்து மெழுகுவது போலத் துடைக்கிறோம்.

சரி, உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இது நடந்ததற்குக் காரணம், பொது மின்சாரத்துக்கு ஏற்கெனவே ஒரே சர்வீஸ் நம்பர், அது சங்கத்தின் பெயரில் இருந்தது. உங்களுக்கு மண்டபம் ஒரு நம்பர், பதினொரு குடோன் பதினொரு நம்பர். மண்டபத்து மாடியில் விளைவது மண்டபத்து மீட்டரில்தான் ஏறும். அங்கிருந்து உங்கள் பதினொரு பில்லிலும் கழிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். ஓரிடத்தில் விளைந்த யூனிட்டைப் பங்குதாரர்களின் வெவ்வேறு பில்லில் கழிப்பதற்கு மெய்நிகர் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லியில் 2019லேயே அதற்கு விதிமுறை போட்டார்கள். உங்கள் விசைத்தறி இணைப்பு வகைக்கு அப்படிக் கழித்துக் கொடுப்பார்களா என்று வாயால் கேட்காதீர்கள். மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அது கைக்கு வராமல் 20 லட்சத்தில் ஒரு ரூபாய் கூடச் செலவழிக்க வேண்டாம்.

மண்டபத்தின் சொந்தச் செலவுக்குப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். முகூர்த்தம் ராத்திரியும் விடிகாலையும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். அங்கே வெயில் நேரத்தில் செலவே இல்லை.

காங்கயம்_மேட்டுக்காடு:

இவ்வளவு பேச்சு எதற்கு? அவரவர் வீட்டு மாடியில் அவரவர் போட்டுக்கொள்ளலாமே. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. நான் மூன்று கிலோவாட் போட்டு ஒரு வருஷம் ஆகிறது, யாரோடும் கூட்டம் போடவில்லை. பொதுச் சொத்து என்றாலே யாரும் பார்க்காமல் பாழாகும் என்பதற்கு டீச்சர் சொன்ன இரண்டு மாதமே சாட்சி.

வடவள்ளி_டீச்சர்:

உங்கள் மாடி உங்களுக்கு இருக்கிறது, நல்லது. அந்த வீதியில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கும், வாடகைக் குடோனில் தறி போட்டிருப்பவருக்கும் எந்த மாடி? வீட்டு மானியம் வீட்டு இணைப்புக்குத்தான், தறி ஓடுவது வேறு இணைப்பில். மாடி உள்ளவன் மட்டும் வெயிலில் லாபம் பார்த்து, மாடி இல்லாதவன் கடைசி வரை பில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் இவ்வளவு பேச்சு.

பொதுச் சொத்து பாழாகும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். மேட்டுப்பாளையம் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஓடந்துறை ஊராட்சி 2006ல் காற்றாலை வாங்கியதைக் கண்ணால் பார்த்தவள். 350 கிலோவாட், ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை. ஊராட்சிச் சேமிப்பும் வங்கிக் கடனும் போட்டு வாங்கினார்கள். காற்று அடிக்கிற இடம் என்று உடுமலைப் பக்கம் நிறுத்தினார்கள். விளைந்த மின்சாரத்தில் ஊர்ச் செலவு போக மீதியை வாரியத்துக்கு விற்றார்கள். அங்கேயும் காற்றாலை ஊராட்சி என்ற ஒரே பெயரில் இருந்தது. ஒரு பெயர், ஒரு கணக்கு, கேள்வி கேட்க ஒரு கிராம சபை.

கிணத்துக்கடவு_பால்:

எங்கள் பால் சங்கத்தில் குளிர்விப்பானுக்கு சோலார் போட முயற்சி நடக்கிறது. அதில் கற்றதைச் சொல்கிறேனுங்க.

முதலில், யார் பெயரில் சொத்து இருக்கும்? நாங்கள் ஏற்கெனவே பதிவான கூட்டுறவுச் சங்கம் என்பதால் துணை விதி, பொதுக்குழு, தணிக்கை எல்லாம் இருக்கிறது. அதற்காகவே ஒவ்வொரு அடிக்கும் பால்வளத் துறைத் துணைப்பதிவாளர் அனுமதியும் வேண்டும், நேரம் ஆகும். நீங்கள் பதினொரு பேர். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தாலே ஒரு சங்கமாகப் பதியலாம். அது லாபம் பிரிக்கிற அமைப்பு இல்லை, ஆனால் ஒரு பொது மிஷினை வைத்துப் பராமரிக்கப் போதும். பதியாமல் ஒருவர் பெயரில் மீட்டர் வாங்கினால், அவருக்கு ஏதாவது ஆகிவிட்ட பிறகு அவர் பிள்ளைகளிடம் நீங்கள் பங்கு கேட்டு நிற்க வேண்டி வரும்.

இரண்டாவது, வெயிலும் வேலையும் ஒரே நேரத்தில் வருகிறதா? எங்களுக்குப் பால் வருவது காலை ஏழு மணியும் சாயங்காலம் ஆறு மணியும். பேனல் நிறையத் தருவது பதினொன்றிலிருந்து இரண்டு வரை. விட்ட யூனிட்டுக்குப் பதில் யூனிட் என்ற நெட் மீட்டரிங்கில் இது பரவாயில்லை. விடுகிற யூனிட்டுக்குத் தனி விலை, வாங்குகிற யூனிட்டுக்குத் தனி விலை என்ற கணக்கில் விழுந்தால், விடுகிற விலை குறைவு, நஷ்டம். அதனால் மத்தியானம் பனிக்கட்டி கட்டி வைத்து, சாயங்காலம் அதில் பாலைக் குளிர வைக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் தறி பகலில் ஓடுவது உங்களுக்குப் பெரிய பலம். ஆனால் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் வந்தால் தறி நிற்கும், வெயில் நிற்காது. அந்த யூனிட் எந்த விலைக்குப் போகும் என்றும் கேட்டு வையுங்கள். வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணையில் அது வந்தபோது கோவை, திருப்பூர் சிறுதொழில் சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. உங்கள் இணைப்புக்கு அது உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துப் போட்ட பணம் திரும்புகிற வருஷம் மாறும்.

குஜராத்தில் துண்டி என்று ஒரு கிராமம். அமுல் பிறந்த கேடா மாவட்டம்தான். 2016ல் ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் பம்புக்குக் கூட்டுறவு ஆரம்பித்தார்கள். பாசனம் போக மீதி மின்சாரத்தைச் சங்கத்தின் பெயரில் ஒரே இடத்தில் மின் நிறுவனத்துக்கு விற்கிறார்கள். ஆரம்ப ஒப்பந்தத்தில் யூனிட் 4 ரூபாய் 63 காசு. வெளியில் ஒரு மீட்டர், உள்ளே அவரவர் பம்புக்கு ஒரு மீட்டர். அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. நம் பக்கம் அப்படியே எடுத்து வர முடியாது, இங்கே 1990லிருந்து பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டண உயர்வை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் குண்டடி பட்டுச் செத்த மண் இது. மின்சாரத்தின் விலை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும்.

சோமனூர்_தறி:

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி தறி நிறுத்தியதும் பதினொரு பேரில் ஒன்பது பேரைக் கூட்டி வைத்து இதை எல்லாம் படித்துக் காட்டினேன்.

டீச்சரம்மா சொன்ன ஒரே சர்வீஸ் நம்பர் விஷயத்தில் எங்களுக்கு ஒன்று பிடிபட்டது. ஊடை நூலைத் தறி நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் சுற்றுகிற தார் மிஷின் ஐந்து, நாங்கள் பொதுவில் போட்டு ஒரு தனி செட்டில் ஓட்டுகிறோம். காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஓடும், பகல் வேலை மட்டும். மேலே கான்கிரீட் தளம், 1,100 சதுர அடி. பில்லை ஏற்கெனவே பதினொன்றாகப் பிரித்துத்தான் கட்டுகிறோம். அங்கே 10 கிலோவாட் போட்டால் எங்கள் தறி பில் குறையாது. தார்க் கூலி குறையும், அது பதினொரு வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேரும். மண்டபத்துக்கு மனு ஒரு பக்கம் போகட்டும், பதில் எழுத்தில் வரட்டும்.

ஒரு கேள்வி மட்டும். கரண்ட் போனால் பேனல் வேலை செய்யுமா? இரண்டு பேர் அதைக் கேட்டுத்தான் தயங்குகிறார்கள்.

பெருந்துறை_பேனல்:

செய்யாது அண்ணா. லைனோடு சேர்ந்த இன்வெர்ட்டர், லைன் போனால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால் ஓட்டலாம், ஆனால் தார் மிஷினுக்கு அந்தச் செலவு கட்டாது. இதை அந்த இரண்டு பேருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். மாட்டிய பிறகு தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள்.

வடவள்ளி_டீச்சர்:

தம்பி, தார் செட்டின் மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?

சோமனூர்_தறி:

என் பெரியப்பா பெயரில் இருந்தது டீச்சரம்மா. அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. பில் அந்தப் பெயரில்தான் இன்னும் வருகிறது, யாரும் மாற்றவில்லை. பெரியப்பா மகனிடம் இன்று காலை பேசினேன், சங்கத்தைப் பதிந்ததும் அதன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றான். புதன்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு செக்‌ஷன் ஆபீஸ் போகிறேன். அட்டாலியிலிருந்து தாத்தா நோட்டை இறக்கி வைத்திருக்கிறேன், பின்னால் இருபது பக்கம் வெற்றாக இருக்கிறது. முதல் பக்கத்தில் பதினொரு பேரின் கழுவுகிற முறையை எழுதிவிட்டோம். எங்கள் போர்த் தண்ணீரும் உப்புத்தான், ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற நாளாகப் பார்த்து வைத்திருக்கிறோம்.